மெலனோமாவும் பி-ராஃப் தடுப்பு மாத்திரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒரு புரதத்தைத் தடுத்தார்கள், தோல் புற்றுநோய் செல்களின் வளர்ச்சி குறைந்தது" என்கிற மாதிரி செய்தி அடிக்கடி வருகிறது. அதைப் படித்துவிட்டுக் கேட்கப்படும் கேள்விகளும், வீட்டில் ஒருவருக்கு மெலனோமா என்று தெரிந்த பிறகு கேட்கப்படும் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை.

செய்தியில் சொல்லும் அந்தப் புரதம் எது?

அதைச் சொல்வதற்கு முன் எந்தத் தோல் புற்றுநோய் என்று தெரிய வேண்டும். தோலின் அடிவரிசைச் செல்களில் தோன்றுவது பேசல் செல் புற்றுநோய். அதற்கு மேலே உள்ள தட்டையான செல்களில் தோன்றுவது ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் தோன்றுவது மெலனோமா. முதல் இரண்டும் அதிகம் பேருக்கு வரும், பெரும்பாலும் வெட்டி எடுத்தாலே தீர்ந்துவிடும். மெலனோமா குறைவாகத்தான் வரும். ஆனால் நுரையீரல், ஈரல், மூளை என்று பரவக்கூடியது. தோல் புற்றுநோய் மரணங்களில் பெரும்பகுதி இதனால்தான்.

மெலனோமாவைப் பற்றிய செய்தி என்றால் அநேகமாக பி-ராஃப் என்ற புரதமோ, அதற்கு அடுத்து நிற்கும் மெக் என்ற புரதமோ இருக்கும். பேசல் செல் புற்றுநோய் என்றால் ஸ்மூதன்ட் என்ற வேறொரு புரதம். அதன் கதை பின்னால் வருகிறது, ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டிகளோடு.

சமிக்ஞைப் புரதம் என்றால் என்ன?

செல்லுக்கு வெளியே இருந்து "பெருகு" என்று ஒரு தகவல் வருகிறது. அதைச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து உள்ளே, மரபணுக்கள் இருக்கும் உட்கரு வரை, தகவல் போய்ச் சேர வேண்டும். இடையில் சில புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகின்றன. ராஸ், ராஃப், மெக், எர்க் என்பது அந்த வரிசை. ராஃபில் மூன்று வகை, அதில் ஒன்று பி-ராஃப். ராஃப் மெக்கின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், ஒட்டியதும் மெக் விழித்துக்கொள்ளும். மெக் அதையே எர்க்குக்குச் செய்யும். எர்க் உட்கருவுக்குள் போய்ப் பெருக்கத்துக்கான மரபணுக்களைக் கிளப்பிவிடும். இப்படிப் பாஸ்பேட் ஒட்டும் புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். மனித உடலில் இவை 500-க்கும் மேல் இருக்கின்றன.

காயம் ஆறுவதற்கு, தோல் புதுப்பித்துக்கொள்வதற்கு எல்லாம் இந்த வரிசை வேண்டும். வேலை முடிந்ததும் அணைந்துவிடும் என்பதுதான் இதில் முக்கியம்.

மெலனோமாவில் என்ன கெட்டுப்போகிறது?

வாசலில் அழைப்புமணிப் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? யாரும் வராமலே மணி அடித்துக்கொண்டிருக்கும். பி-ராஃபில் நடப்பது இதுதான்.

பி-ராஃப் 766 அமினோ அமிலங்களால் ஆன புரதம். அதில் 600-வது இடத்தில் வேலின் இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போனால் அந்த இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, பாஸ்பேட்டுக்கும் உண்டு. அதனால் பக்கத்தில் பாஸ்பேட் ஒட்டியதைப் போல புரதம் ஏமாந்து, எந்த உத்தரவும் இல்லாமலே விழித்த நிலையில் நின்றுவிடுகிறது. சாதாரண பி-ராஃபோடு ஒப்பிட்டால் இதன் வேகம் ஆய்வகச் சோதனையில் கிட்டத்தட்ட 500 மடங்கு. இந்த மாற்றத்தைத்தான் அறிக்கைகளில் வி600ஈ என்று எழுதுகிறார்கள். அதே 600-வது இடத்தில் லைசின் வந்தால் வி600கே.

இது 2002-இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனத்தில் நடந்த புற்றுநோய் மரபணு ஆய்வில் கண்டுபிடிக்கப்பட்டது. தோலில் தோன்றும் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் மாற்றம் இருக்கிறது. ஒரு புற்றுநோயில் பாதிப் பேருக்கு ஒரே புரதத்தில், பெரும்பாலும் ஒரே புள்ளியில் கோளாறு என்பது மருந்து தேடுபவர்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கிற வாய்ப்பு.

இந்த மாற்றம் வெயிலால் வருகிறதா?

புற ஊதாக் கதிர் மரபணுவில் விட்டுச்செல்லும் வழக்கமான தடயம் வேறு மாதிரி இருக்கும். வி600ஈ அந்த மாதிரியில் வருவதில்லை. ஆனாலும் வெயிலை விடுவித்துவிட முடியாது. மெலனோமாவில் சேர்ந்திருக்கும் மற்ற ஏராளமான மாற்றங்களில் புற ஊதாக் கதிரின் கைவரிசை தெளிவாகத் தெரிகிறது.

பிள்ளைகளுக்கு வருமா?

வி600ஈ பெற்றோரிடமிருந்து வருவதில்லை. அது கட்டியில் உள்ள செல்களில் மட்டும், வாழ்நாளில் நேர்ந்த மாற்றம். மெலனோமா பரம்பரையாக வரும் குடும்பங்கள் சில உண்டு. அங்கே கோளாறு வேறு மரபணுக்களில் இருக்கும்.

மச்சத்திலும் இதே மாற்றம் இருக்கிறதாமே?

ஆமாம். பயப்படுவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் பி-ராஃப் வி600ஈ இருக்கிறது. எல்லார் உடம்பிலும் மச்சம் இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் மெலனோமா வருவதில்லை. காரணம், மணி ஓயாமல் அடிக்க ஆரம்பித்ததும் செல்லுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கொஞ்ச தூரம் பெருகுகிறது, அப்புறம் பி16 போன்ற காவல் புரதங்கள் குறுக்கே வந்து பெருக்கத்தை நிறுத்திவிடுகின்றன. செல் சாவதில்லை, ஆனால் பிரிவதும் இல்லை. மச்சம் ஓரளவுக்கு வளர்ந்து பல வருடம் அப்படியே கிடப்பது அதனால்தான். மெலனோமா ஆக வேண்டுமென்றால் அந்தக் காவலும் உடைய வேண்டும், இன்னும் சில பூட்டுகளும் உடைய வேண்டும்.

பி-ராஃப் தனியாகப் புற்றுநோயை உண்டாக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. "ஒரே புரதம்தான் காரணம்" என்கிற தலைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மச்சம்தான் நினைவுக்கு வரும்.

கவனிக்க வேண்டியது மாறும் மச்சத்தை. ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாமல் இருப்பது, விளிம்பு ஒழுங்கில்லாமல் இருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், சில மாதங்களில் உருவம் மாறுவது. கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் அதிகக் கனமான அறிகுறி.

மருந்து எப்படித் தடுக்கிறது?

பாஸ்பேட்டை ஒட்டுவதற்கு பி-ராஃப் அதை, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏடிபி வந்து உட்கார ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழியில் மருந்து போய் உட்கார்ந்துகொண்டால் ஏடிபிக்கு இடமில்லை, பாஸ்பேட் ஒட்டும் வேலை நின்றுவிடும். சொல்வதற்கு எளிது. 500-க்கு மேற்பட்ட கைனேஸ்களுக்கும் இதே மாதிரிக் குழி இருக்கும்போது, கெட்டுப்போன பி-ராஃபின் குழியில் மட்டும் நன்றாகப் பொருந்தும் மூலக்கூறைச் செய்வதுதான் கஷ்டம்.

முதலில் சோராஃபெனிப் என்ற மருந்தை முயன்றார்கள். அது பல கைனேஸ்களைக் கொஞ்சம் கொஞ்சம் தடுப்பது. மெலனோமாவில் எடுபடவில்லை. பி-ராஃபே தப்பான இலக்கோ என்று சிலர் ஒதுங்கத் தொடங்கினார்கள். அடுத்து வந்தது வெமுராஃபெனிப். மனிதர்களுக்குக் கொடுத்த முதல் சோதனையில் இதுவும் ஆரம்பத்தில் படுத்துக்கொண்டது. மருந்தின் அப்போதைய வடிவம் உடம்பில் சரியாக உறிஞ்சப்படவில்லை, ரத்தத்தில் போதிய அளவு ஏறவில்லை. மூலக்கூறை மாற்றாமல் தயாரிப்பு முறையை மட்டும் மாற்றினார்கள். மருந்தின் அளவு ஏறியது, கட்டிகள் சுருங்கின. எர்க் வரைக்கும் போகும் சமிக்ஞையை 80 சதவீதத்துக்கு மேல் அடக்கினால்தான் கட்டி சுருங்குகிறது, பாதி அடக்கினால் பிரயோஜனமில்லை என்று அப்போது தெரிந்தது. சோதனைக் குழாயில் "தடுத்தது" என்று வரும் செய்தியை நான் சந்தேகத்தோடு படிப்பதற்கு இது ஒரு காரணம். எத்தனை சதவீதம் தடுத்தது, அந்த அளவு மருந்தை மனித உடம்பு தாங்குமா என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

2010-இல் வெளியான முடிவில், மாற்றம் உள்ள 32 நோயாளிகளில் 26 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியிருந்தது. பரவிய மெலனோமாவில் அதற்கு முன் அப்படி ஒரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெமுராஃபெனிப் அனுமதி பெற்றது, மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் கூடவே அனுமதி பெற்றது.

மெதுவாக்குமா, குணமாக்குமா?

இந்தப் பக்கத்தில் நான் அதிக நேரம் யோசித்து எழுதியது இந்தப் பதிலைத்தான்.

வெமுராஃபெனிபை அப்போது வழக்கத்தில் இருந்த டகார்பசின் கீமோவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில் 675 பேர் இருந்தார்கள். கட்டி சுருங்கியது மாத்திரையில் 48 சதவீதம் பேருக்கு, கீமோவில் 5 சதவீதம் பேருக்கு. ஆறு மாதம் முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 84 சதவீதம், கீமோவில் 64 சதவீதம். இதுவரை சந்தோஷமான செய்தி. நோய் மறுபடி வளரத் தொடங்கும் வரை கிடைத்த இடைவெளியின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்) எவ்வளவு? மாத்திரையில் 5.3 மாதம், கீமோவில் 1.6 மாதம்.

ஆக, முதல் சில வாரங்களில் நடப்பது பிரமிப்பாக இருக்கும். ஸ்கேனில் பெரிய கட்டிகள் கரைந்திருக்கும், படுக்கையில் இருந்தவர் எழுந்து நடப்பார். குடும்பத்தார் குணமாகிவிட்டது என்றே நினைப்பார்கள். அந்த நேரத்தில் "மெதுவாக்கியிருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால் அபசகுனமாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சரியான வார்த்தை அதுதான். பெரும்பாலானவர்களுக்கு என்று சொல்வதும் முக்கியம். நீண்ட காலம் நன்றாக இருப்பவர்கள் ஒரு பகுதியினர் உண்டு. அடுத்து வருகிற இரட்டை மருந்து ஆய்வுகளில் அந்தப் பகுதி எவ்வளவு என்று தெரியவந்தது.

கொஞ்ச மாதத்தில் மருந்து ஏன் கேட்காமல் போகிறது?

நெடுஞ்சாலையை மறித்தால் வண்டிகள் சந்துபொந்துகளில் புகுந்து போவதைப் போல.

ஒரு கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன, எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மருந்துக்குத் தப்பும் வழி தெரிந்த சில செல்கள் முதலிலிருந்தே அங்கே இருக்கலாம், மற்றவை செத்ததும் அவற்றுக்குக் களம் காலியாகிறது. சில செல்கள் பிற்பாடு கற்றுக்கொள்கின்றன. பி-ராஃபுக்கு மேலே இருக்கும் ராஸில் மாற்றம் வந்து, பி-ராஃபை விட்டுவிட்டு அதன் சகோதரப் புரதமான சி-ராஃப் வழியாகச் சமிக்ஞை போவது ஒரு வழி. கெட்டுப்போன பி-ராஃபையே செல் ஏராளமாக உற்பத்தி செய்வது இன்னொன்று. புரதத்தின் ஒரு துண்டை வெட்டிவிட்டு, மருந்து பிடிக்க முடியாத குட்டை வடிவத்தில் செய்வதும் உண்டு. கீழே இருக்கும் மெக் மாறிப்போவதும் உண்டு. இந்த வரிசையையே விட்டுவிட்டு, பிழைப்புக்கான வேறொரு சமிக்ஞைப் பாதைக்குத் தாவுவதும் உண்டு. ஒரே நோயாளியின் இரண்டு கட்டிகளில் இரண்டு வெவ்வேறு தப்பிக்கும் வழிகள் இருந்ததையும் பார்த்திருக்கிறார்கள்.

கவனித்தீர்களா, இவற்றில் பல வழிகள் சுற்றி வந்து மறுபடி மெக், எர்க்கிலேயே சேர்கின்றன. அடுத்த யோசனை அங்கிருந்துதான் பிறந்தது.

அதனால்தான் இரண்டு மாத்திரைகளா?

அதேதான். பி-ராஃப் தடுப்பானோடு மெக் தடுப்பானையும் சேர்த்துக் கொடுத்தால், மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. இப்போது வழக்கத்தில் உள்ள ஜோடிகள் மூன்று: டாப்ராஃபெனிப்-டிராமெடினிப், வெமுராஃபெனிப்-கோபிமெடினிப், என்கோராஃபெனிப்-பினிமெடினிப். அமெரிக்காவில் இவை முறையே 2014, 2015, 2018-இல் அனுமதி பெற்றன.

என்கோராஃபெனிப் ஜோடியைத் தனி வெமுராஃபெனிபோடு ஒப்பிட்ட ஆய்வில், நோய் மறுபடி வளரும் வரையான இடைநிலைக் காலம் 14.9 மாதம், தனி மருந்தில் 7.3 மாதம். டாப்ராஃபெனிப் ஜோடி கொடுத்த 563 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 34 சதவீதம் பேர் ஐந்தாம் வருடத்தில் உயிரோடு இருந்தார்கள், 19 சதவீதம் பேருக்கு நோய் மறுபடி வளரவே இல்லை. சிகிச்சை தொடங்கும்போது ரத்தத்தில் எல்டிஹெச் (நோயின் சுமை கூடினால் ஏறக்கூடிய ஒரு நொதி) அளவு சரியாகவும், நோய் மூன்றுக்கும் குறைவான உறுப்புகளில் மட்டுமாகவும் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தால் உயிரோடு இருந்தவர்கள் 55 சதவீதம். அதனால் "எத்தனை நாள்" என்று பொதுவாகக் கேட்டுக் கிடைக்கும் எண்ணைவிட, "எங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு" என்று கேட்டுக் கிடைக்கும் எண் உதவியாக இருக்கும்.

மருந்தை நடுநடுவே நிறுத்தி எடுத்தால், அதற்குக் கட்டி எதிர்ப்பு பெறுவதைத் தள்ளிப்போடலாமா?

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. எதிர்ப்பு பெற்ற செல்கள் சில, மருந்துக்கே அடிமையாகிவிடுகின்றன. மருந்தை எடுத்துவிட்டால் சமிக்ஞை அளவுக்கு மீறிப் பாய்ந்து அவையே திணறுகின்றன. 2013-இல் எலிகளில் விட்டுவிட்டுக் கொடுத்தபோது எதிர்ப்பு உண்மையிலேயே தாமதமானது. பலருக்கு நம்பிக்கை பிறந்தது. மனிதர்களில் சோதித்த ஆய்வு 2020-இல் வெளியானது. ஐந்து வாரம் மருந்து, மூன்று வாரம் ஓய்வு என்று எடுத்தவர்களுக்கு நோய் 5.5 மாதத்தில் திரும்பியது. தொடர்ந்து எடுத்தவர்களுக்கு 9 மாதம். யோசனை அங்கேயே முடிந்தது.

எலிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் இந்த ஆய்வைச் சொல்லுங்கள்.

புற்றுநோய் மருந்தே தோலில் இன்னொரு புற்றுநோயைக் கிளப்புமா?

கிளப்பும். கேட்க வினோதமாக இருந்தாலும் காரணம் தெளிவாகத் தெரிந்த விஷயம் இது.

கெட்டுப்போன பி-ராஃப் தனியாக நின்று வேலை செய்யும், அதை மருந்து அடக்கும். ஆனால் நல்ல செல்களில் ராஃப் புரதங்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்துதான் வேலை செய்கின்றன. மருந்து ஒன்றில் போய் உட்கார்ந்தால், அது ஜோடியில் உள்ள இன்னொன்றைத் தூண்டிவிடுகிறது. அங்கே ஏற்கெனவே ராஸில் மாற்றம் இருந்தால் சமிக்ஞை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. வெயிலில் பல வருடம் காய்ந்த தோலில் அப்படிப்பட்ட செல்கள் சில தூங்கிக்கொண்டிருக்கும். மருந்து அவற்றை எழுப்பிவிடுகிறது. தனியாக வெமுராஃபெனிப் எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஸ்குவாமஸ் வகைக் கட்டிகள் வந்தன, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள். அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்ததில் 60 சதவீதத்தில் ராஸ் மாற்றம் இருந்தது.

நல்லவேளையாக இவை அநேகமாக வெட்டி எடுத்தால் தீர்ந்துவிடும் வகை, மருந்தை நிறுத்த வேண்டியிருக்காது. மெக் தடுப்பான் சேர்த்ததும் இந்தத் தொல்லை நன்றாகக் குறைந்துவிட்டது, ஏனென்றால் தூண்டப்பட்ட சமிக்ஞையும் மெக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு புற்றுநோய் மருந்துகளைச் சேர்த்தால் பக்கவிளைவு கூடும் என்பதுதான் வழக்கம். இங்கே ஒரு பக்கவிளைவு குறைந்தது.

மற்ற பக்கவிளைவுகள்?

ஜோடிக்கு ஜோடி மாறும். டாப்ராஃபெனிப்-டிராமெடினிப் ஜோடியில் காய்ச்சல். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரும், தொற்று எதுவும் இல்லாமலே வரும், குளிர் நடுக்கத்தோடு வரும். வந்த உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். சில நாள் மருந்தை நிறுத்தி வைத்துக் காய்ச்சல் இறங்கியதும் தொடர்வது வழக்கம், ஆனால் அந்த முடிவு மருத்துவருடையது. வெமுராஃபெனிபில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் போதும், அதனால் காரில் போகும்போதும் கவனம் வேண்டும். மூட்டுவலி, தடிப்பு, களைப்பு எல்லா ஜோடியிலும் ஏதோ ஒரு அளவில் உண்டு.

மெக் தடுப்பான்கள் கண்ணின் விழித்திரைக்குக் கீழே நீர் சேரச் செய்யலாம், இதயத்தின் ரத்தம் இறைக்கும் திறனைக் குறைக்கலாம். எக்கோ பரிசோதனையை அடிக்கடி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பார்வை மங்கினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

பி-ராஃப் மாற்றம் இல்லை என்று அறிக்கை வந்தால்?

அப்படியானால் பி-ராஃப் தடுப்பான் கொடுக்கக் கூடாது. பலன் இருக்காது என்பதோடு, மேலே சொன்ன தூண்டல் காரணமாகக் கெடுதலும் வரலாம். பயாப்ஸி எடுத்த திசுவில் மாற்றத்தைச் சோதித்த பிறகே மருந்தை முடிவு செய்வது இதனால்தான்.

மாற்றம் இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்கு ராஸ் வகைகளில் ஒன்றான என்-ராஸ் புரதத்தில் கோளாறு இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வரும் மெலனோமா தனி வகை. கருமையான தோல் உள்ளவர்களுக்கு வரும் மெலனோமாவில் இது கணிசமான பங்கு. வெயிலோடு இதற்கு அவ்வளவு சம்பந்தமில்லை, பி-ராஃப் மாற்றமும் குறைவு. பாடகர் பாப் மார்லி 1981-இல், 36 வயதில் இறந்தது கால் விரல் நகத்தடியில் தொடங்கிய இந்த வகை மெலனோமாவால்தான். இந்த வகையிலும், வாய், மூக்கு போன்ற இடங்களின் சவ்வில் வரும் வகையிலும் சிலருக்கு கிட் என்ற ஏற்பியில் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு அந்த ஏற்பியைத் தடுக்கும் இமாடினிப் என்ற மருந்து பலன் தருவதுண்டு. மாற்றம் எதுவுமே இல்லாவிட்டாலும் அடுத்த பதிலில் வரும் சிகிச்சை இருக்கிறது.

முதலில் மாத்திரையா, நோயெதிர்ப்பு சிகிச்சையா?

நோயெதிர்ப்பு சிகிச்சையும் ஒரு வகையில் சமிக்ஞைப் புரதத்தைத் தடுப்பதுதான். ஆனால் தடுப்பது புற்றுநோய் செல்லுக்குள் இல்லை. நோயோடு சண்டையிடும் நம் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களின் மேல் பிடி-1, சிடிஎல்ஏ-4 என்ற கடிவாளங்கள் இருக்கின்றன. அவற்றைத் தடுத்தால் டி செல்கள் கட்டுக்கழன்று கட்டியைத் தாக்கும். இந்தக் கடிவாளங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பி-ராஃப் மாற்றம் உள்ளவர்களுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. எதை முதலில் கொடுப்பது என்று நேரடியாகச் சோதித்த ஆய்வில் 265 பேர். இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்து முதலில் பெற்றவர்களில் 72 சதவீதம் பேர் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். மாத்திரையில் தொடங்கியவர்களில் 52 சதவீதம். அதனால் இப்போது பெரும்பாலும் நோயெதிர்ப்பு சிகிச்சைதான் முதலில். அது மெதுவாகப் பிடிக்கும், ஆனால் பிடித்தால் விடுவதில்லை. மாத்திரை வேகமாகப் பிடிக்கும், அப்புறம் நழுவும். நோய் வேகமாக வளர்ந்து உயிருக்கே அவசரமாக இருக்கும் நிலையில் அந்த வேகம் தேவைப்படும். தன்னெதிர்ப்பு நோய் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் போன்றோருக்கும் கணக்கு மாறும். "முதலில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள், ஏன்?" என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

கட்டியை முழுதாக வெட்டி எடுத்த பிறகும் மாத்திரை கொடுப்பார்களா?

நிணநீர்க் கணு வரை போன மூன்றாம் நிலையில் கொடுப்பதுண்டு, பன்னிரண்டு மாதம். டாப்ராஃபெனிப் ஜோடியை அப்படிக் கொடுத்தபோது மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 58 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 39 சதவீதம்.

ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டி கதை?

1950-களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆடு வளர்ப்பவர்கள் சிலரிடம் நெற்றி நடுவில் ஒரே கண்ணோடு குட்டிகள் பிறந்தன. அரசு விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் தேடி, கர்ப்பமான ஆடுகள் மலைப்பகுதியில் மேய்ந்த வெராட்ரம் என்ற காட்டுச் செடிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கருவின் ஒரு குறிப்பிட்ட நாளில், ஏறத்தாழ பதினான்காம் நாளில், தாய் அதைத் தின்றால் குட்டியின் முகம் இரண்டாகப் பிரியாமல் போகிறது. செடியிலிருந்த பொருளுக்குக் கிரேக்கப் புராணத்தின் ஒற்றைக் கண் அரக்கனை நினைத்து சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள்.

வேறொரு மூலையில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் பழ ஈக்களின் புழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மரபணு கெட்டால் புழுவின் உடம்பெங்கும் முள் முளைத்தது. அதற்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி, என்று பெயரிட்டு 1980-இல் வெளியிட்டார்கள். 1995-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். சைக்ளோபமின் தடுப்பது அந்த ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைப் பாதையில் உள்ள ஸ்மூதன்டை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் பேசல் செல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இதே பாதை அணையாமல் ஓடுகிறது என்றும் தெரிந்திருந்தது. ஆட்டுக்குட்டி, பழ ஈ, தோல் புற்றுநோய் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ஸ்மூதன்டைத் தடுக்கும் விஸ்மோடெகிப் 2012-இலும் சோனிடெகிப் 2015-இலும் வந்தன. வெட்டி எடுக்க முடியாத அளவுக்குப் பரவிய பேசல் செல் புற்றுநோய்க்குத்தான் இவை. தசைப்பிடிப்பு, முடி கொட்டுவது, நாக்கில் ருசி போவது ஆகிய மூன்றும் பலரை மருந்தை நிறுத்தவே வைக்கும். குட்டிகளுக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தால், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கு ஏன் இவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறார்கள் என்பது புரியும். ஆண்கள் எடுத்தாலும் எச்சரிக்கை உண்டு.

ஒரே மாற்றம் என்றால் வேறு புற்றுநோய்களிலும் இதே மாத்திரை வேலை செய்ய வேண்டுமே?

சிலவற்றில் செய்கிறது. நுரையீரல், தைராய்டு கட்டிகளில் சில, ஹேரி செல் ரத்தப் புற்றுநோய். பெருங்குடலில் தனியாகக் கொடுத்தபோது கைவிட்டது. அங்கே பி-ராஃபைத் தடுத்ததுமே இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி விழித்துக்கொண்டு பாதையை மேலிருந்து மறுபடி ஓட்டிவிடுகிறது என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். மெலனோமா செல்களில் அந்த ஏற்பி பொதுவாகக் குறைவு, அதனால்தான் அங்கே பிழைத்தது. இப்போது பெருங்குடலுக்கு என்கோராஃபெனிபோடு இஜிஎஃப்ஆரை அடைக்கும் செடுக்சிமாபையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரே புரதம், ஒரே எழுத்துப் பிழை, ஆனால் செல் எந்த ஊர்க்காரன் என்பதைப் பொறுத்து மருந்தின் தலையெழுத்து மாறுகிறது.

இந்தப் புரதத்தைத் தடுக்கும் மூலிகைச் சாறு இருக்கிறதாமே, கூடச் சேர்த்து எடுக்கலாமா?

தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஊற்றினால் வளர்ச்சியைக் குறைக்கும் பொருட்கள் ஏராளம். வாயால் சாப்பிட்டு, ஈரலைத் தாண்டி, கட்டிக்குப் போய்ச் சேர்ந்து, 80 சதவீதத்துக்கு மேல் அடக்க வேண்டும் என்று முன்னால் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல்: இந்த மாத்திரைகள் பலவற்றை ஈரலில் சிதைக்கும் நொதியை மூலிகைப் பொருட்கள் சில முடுக்கிவிடும், சில முடக்கிவிடும். மருந்தின் அளவு தேவைக்குக் கீழே இறங்கலாம், நச்சாகும் அளவுக்கு ஏறவும் செய்யலாம். எதை எடுத்தாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

மாத்திரையைச் சாப்பிடும் முறையில் கவனிக்க என்ன இருக்கிறது?

டாப்ராஃபெனிபும் டிராமெடினிபும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ இரண்டு மணி நேரம் பின்னாலோ. டாப்ராஃபெனிப் நாளுக்கு இரண்டு வேளை, டிராமெடினிப் ஒரே வேளை. வெமுராஃபெனிப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், வேளைக்கு நான்கு மாத்திரை.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அடுத்த வேளைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். வெமுராஃபெனிப் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். டாப்ராஃபெனிபுக்கு ஆறு மணி நேரம், டிராமெடினிபுக்கும் என்கோராஃபெனிபுக்கும் பன்னிரண்டு மணி நேரம். அதற்குக் குறைவாக இருந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்து விழுங்க வேண்டாம். எடுத்த பிறகு வாந்தி வந்துவிட்டாலும் மறுபடி ஒன்று போட்டுக்கொள்ளாமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.